உறை போட்ட மடிக்கணினி

ரயில் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு அவர் ‘கோடு சார்’. முப்பத்தொரு வருடமாக அவர் பார்த்துவந்த வேலை கோடு இழுப்பதுதான். ஒரு பெரிய தாளில் மேலிருந்து கீழாக நிலையங்கள், இடமிருந்து வலமாக இருபத்துநான்கு மணி நேரம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாய்ந்த கோடு. போகிற வண்டி ஒரு பக்கம் சாயும். வருகிற வண்டி மறுபக்கம் சாயும். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரு நிலையமாக இருந்தே தீர வேண்டும். அங்கே ஒரு வண்டி ஒதுங்கி நின்று மற்றதற்கு வழிவிடும்.

அந்த நிற்பைப் பற்றி அவர்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. தாளில் போட்ட நிற்பு தாமதம் ஆகாது. பதினெட்டு நிமிடம் நின்றாலும், அந்தப் பதினெட்டும் தாளில் இருந்துவிட்டால் வண்டி நேரத்துக்கு ஓடுகிறது என்றுதான் அர்த்தம். உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணிக்கு இது புரிவதில்லை. ‘ஏன் நிக்குது, ஏன் நிக்குது’ என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார். கோடு சாருக்குப் புரியும். அவர் எங்கும் தலையை நீட்டியதில்லை.

முதல் ஒன்பது வருடம் பென்சிலும் கட்டம் போட்ட தாளும். பிறகு கணினி வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் அலுவலகத்தின் மூன்றாம் மாடியைக் காலி செய்தபோது, அந்த மாடியில் இருந்த ஏழு பேரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு மடிக்கணினியும் இருபத்துநான்கு அங்குலத் திரை ஒன்றும் கொடுத்தார்கள். இருபத்துநான்கு மணி நேரத்தை மடிக்கணினியின் சின்னத் திரையில் பார்ப்பதென்றால் கோடுகள் எல்லாம் கூட்டி அள்ளிய முடி மாதிரி ஒன்றோடொன்று சிக்கிக்கிடக்கும். அதனால் அவர் தன் பங்குக்கு இன்னொரு திரையும் வாங்கிச் சேர்த்தார். நள்ளிரவு முதல் நண்பகல் வரை இடது திரையில். நண்பகல் முதல் நள்ளிரவு வரை வலது திரையில். மடிக்கணினியை மூடி, மேசைக்குக் கீழே புத்தகம் செருகும் அறையில் நிமிர்த்தி வைத்துவிட்டார். அந்த அறையின் அகலம் ஐந்து சென்டிமீட்டர். மடிக்கணினி அதில் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. மேசைமேல் இரண்டு திரைகள், ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ், ஒரு தண்ணீர்ப் பாட்டில். வேறு ஒரு தூசு கிடையாது.

“ஆபரேஷன் பண்ற மேசை மாதிரி வச்சிருக்கீங்க” என்றாள் அவர் மனைவி. அவள் மருத்துவமனைக்காரி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் பிரிவில் பத்தொன்பது வருடம் டெக்னீஷியன். எந்த நோயாளிக்கு எந்தக் கையில் ஊசி ஏறும், யாருக்கு மூன்றாவது மணி நேரத்தில் கால் பிடித்து இழுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு ஏட்டைப் பார்க்காமல் தெரியும். அந்தப் பிரிவை ஒருநாள் இழுத்து மூடினார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ஐந்து இடங்களில் விண்ணப்பம் போட்டாள். வேலை தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, வயதைத்தான் கேட்டார்கள்.

எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். அந்த எட்டு மாதத்தில் வீட்டில் இருந்த துணியெல்லாம் தைத்துத் தீர்ந்தது. தலையணைக்கு, நாற்காலிக்கு, ரேடியோவுக்கு என்று எல்லாவற்றுக்கும் உறை. கடைசியாக மடிக்கணினிக்கு. நீலத் தடித்துணியில் உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டி, வாயில் ஒரு வெள்ளைப் பொத்தான். அது தைத்து முடிந்த மறுவாரம் கடல் தாண்டி ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். அங்கே அவள் வயதைக் கேட்கவில்லை. எத்தனை நோயாளிகளை ஒரே நேரத்தில் பார்ப்பாய் என்று கேட்டார்கள்.

“போகட்டுமா?” என்று கேட்டாள்.

கோடு சார் எழுந்தார். “குழாயைப் பார்த்துட்டு வரேன்” என்று குளியலறைக்குப் போனார்.

இது அவருடைய பழைய வழக்கம். இருபத்துநான்கு வருடத் தாம்பத்தியத்தில் கடினமான பேச்சு எப்போது வந்தாலும் அவருக்குக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டுவிடும். போய் நன்றாக மூடிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து வருவார். அதற்குள் பேச்சு ஆறிப்போயிருக்கும். அவள் அதற்கு ‘குழாய் வியாதி’ என்று பெயர் வைத்திருந்தாள். அன்றும் திரும்பி வந்தபோது அவள் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் போன அன்று மாலை அவர் மடிக்கணினியை மேசை அறையிலிருந்து எடுத்து, நீல உறைக்குள் போட்டார். கம்பிகள் வெளியே வர வழி வேண்டுமே. ஒரு பக்கம் நான்கு சென்டிமீட்டர், மறுபக்கம் நான்கு சென்டிமீட்டர் தையலைப் பிரித்து, பிசிறாமல் இருக்கத் தானே ஊசி நூல் எடுத்து மடித்துத் தைத்தார். பொத்தானைப் போட்டார். மறுபடி அறையில் செருகினார். அது முன்பைவிடக் கச்சிதமாக உட்கார்ந்தது. அதன்பிறகு அவர் அதைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் இல்லை. துணியின் நீல ஓரம் வேலை செய்யும்போது முழங்காலுக்குப் பக்கத்தில் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

அவள் போன ஊரில் நேரம் இரண்டரை மணி பின்தங்கியது. அவளுக்குப் பன்னிரண்டரைக்கு ஓய்வு. இங்கே மணி மூன்று. மூன்று முதல் மூன்று நாற்பது வரை அவள் ஊழியர் அறையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து அவரை வீடியோவில் கூப்பிடுவாள். ஏறக்குறைய இரண்டு வருடத்தில் இந்த அழைப்பு வராத நாட்கள் வார விடுமுறைகள் நீங்கலாகப் பதினான்கு.

அவள் வந்து உட்காரும் இடம் இடது திரை. நள்ளிரவு ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை உள்ள இடம் அவருடைய தாளில் ஏறக்குறைய காலி. இரண்டே இரண்டு சரக்கு வண்டிகள்தான். அந்தக் காலி இடத்தின்மேல் அவள் முகம் தெரிகிற வீடியோ ஜன்னலைப் பொருத்துவார். அவள் சாப்பிடுவாள். அவர் கோடு இழுப்பார். பெரும்பாலும் பேச மாட்டார்கள். ஒருமுறை அவள் ஜன்னலுக்கு அடியில் மறைந்திருந்த இரண்டே பதினாலு சரக்கு வண்டியை மறந்துவிட்டு, எதிர்ப்பக்கம் இன்னொன்றை விட்டுவிட்டார். மேலதிகாரி போன் செய்தார்.

“கோடு சார், ரெண்டு வண்டியையும் ஒரே தண்டவாளத்துல நேருக்கு நேர் விட்டிருக்கீங்க. ஏதும் கோபமா?”

“இல்ல சார். பார்க்கல.”

“நீங்களா பார்க்கல?”

முப்பத்தொரு வருடத்தில் அவர் தாள் திரும்பி வந்தது அந்த ஒருமுறைதான். திருத்தி அனுப்பிவிட்டு, அவள் ஜன்னலை இரண்டு விரற்கடை மேலே ஏற்றினார். எடுத்துவிடவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு குறை. மூடிய மடிக்கணினிக்கு வெளியே அவர் தனியாக மாட்டியிருந்த கேமராவின் கம்பி குட்டை. மடிக்கணினியின் இடது பக்கத் துளைகள் இரண்டையும் திரைகள் பிடித்துக்கொண்டதால் கேமராவை வலது பக்கத்தில் செருகினார். அங்கிருந்து அது வலது திரையின் தலைக்குத்தான் எட்டியது. அவரோ இடது திரையில் இருக்கும் அவளைப் பார்ப்பார். ஆக, அவளுக்கு எப்போதும் அவருடைய ஒரு பக்கம்தான் தெரியும்.

“உங்க வலது காதை நான் நல்லா மனப்பாடம் பண்ணிட்டேன்” என்பாள். “காதுல ரெண்டு நரைமுடி. பிடுங்குங்க. வேற எதுவும் எனக்குக் காட்டுறதா உத்தேசம் இல்லையா?”

“கம்பி எட்டல.”

“நீட்டுக் கம்பி ஒண்ணு கடையில கிடைக்காதா?”

“பார்க்கிறேன்.”

பார்க்கவில்லை. வாங்கினால் அதை மாட்ட உறையை அவிழ்க்க வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணம். அவளை நேராகப் பார்த்தால் தான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவோம் என்பது இன்னொரு காரணம்.

போன மாதம் ஒற்றைப் பாதையை இரட்டைப் பாதை ஆக்கும் வேலை வந்தது. வண்டிகள் இரண்டு மடங்கு, கோடுகள் இரண்டு மடங்கு. பழைய பத்தொன்பது அங்குல வலது திரை போதவில்லை. இருபத்தேழு அங்குலத்தில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். அதே வாரத்தில் வெயிலும் ஏறியது. மேசைக்கு அடியில் முழங்கால் பக்கம் அனல் அடித்தது. மத்தியான வேளைகளில் நீல உறைக்குள்ளிருந்து ஒரு இரைச்சல் கிளம்பும், கிளம்பினால் அடங்காது.

கீழ்வீட்டில் அவருடைய அக்கா இருந்தாள். அவரைவிட ஆறு வயது பெரியவள். படிக்கட்டில் நின்றபடியே குரல் கொடுப்பாள்: “டேய், மேல என்னடா ஹெலிகாப்டர் இறங்குது? ஆள் யாராவது வராங்களா?”

“மிஷின் சத்தம்க்கா.”

“ஆள் வரலைன்னா ஏன்டா இவ்வளவு சத்தம்!”

மனைவியின் ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது. நீட்டிக்க விரும்புகிறவர்கள் முப்பதாம் தேதிக்குள் படிவம் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம். இரண்டு கட்டங்கள், ஒன்றில் குறி போட்டுக் கையெழுத்து. பதினோராம் தேதி அவள் டப்பாவை மூடி, கை துடைத்து, தண்ணீர் குடித்தாள். எந்த விஷயமானாலும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவள் வாய் திறப்பாள்.

“என்னங்க, அந்தப் படிவம் வந்திருக்கு. என்ன பண்ணட்டும்?”

குழாய் சொட்டுவது போல இருந்தது. ஆனால் அவர் எழவில்லை. இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். மூன்று வாரமாகப் பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார். ‘போடாதே. வந்துடு.’ மொத்தமே இவ்வளவுதான். அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது, மதிப்பு இருக்கிறது, இங்கே வந்தால் மறுபடி உறைதான் தைப்பாள் என்பதும் அவருக்குத் தெரியும். கேட்பது சுயநலம்தான். இருந்தாலும் கேட்பது என்று முடிவு செய்திருந்தார். மூச்சை இழுத்தார். மணி மூன்று இருபத்தாறு.

அந்த நொடியில் இரண்டு திரைகளும் கறுத்தன. முழங்கால் பக்கத்து இரைச்சலும் சட்டென்று நின்றது. வீடே காது அடைத்தது போல ஆயிற்று.

விசைப்பலகையின் பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். உயிர் வரவில்லை. உறையைத் தொட்டார், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி சுட்டது. பதினோரு நிமிடம் கழித்துத்தான் மறுபடி எழுந்தது. அதற்குள் மூன்று முப்பத்தெட்டு. போனில் கூப்பிட்டால் அவளுக்கு இன்னும் இரண்டு நிமிடம்தான். அவ்வளவு சின்ன இடைவெளியில் அந்த இரண்டு சொல்லையும் அவரால் கொண்டுவந்து நிறுத்த முடியவில்லை. ‘மிஷின் நின்னுபோச்சு’ என்று செய்தி அனுப்பினார். ‘சரி’ என்று வந்தது.

அந்த மாதம் மற்ற நாட்களில் அவள் வேலை நெருக்கடியால் இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டாள், படிவப் பேச்சு வரவில்லை. பதினேழாம் தேதி மறுபடி கேட்டாள். “நான் ஒண்ணு சொல்லட்டுமா...” என்று ஆரம்பித்தார். மூன்று இருபத்தெட்டுக்குத் திரை கறுத்தது. செய்தி அனுப்பினார். ‘ம்’ என்று வந்தது.

இருபத்துமூன்றாம் தேதி அவள் சாப்பிடக்கூட இல்லை. பக்கத்தில் யாருடனோ ஏதோ பேசினாள், எழுந்து போனாள், திரும்பி வந்தாள். மூன்று இருபத்து நான்குக்குச் சொன்னாள்: “இந்தத் தடவையாவது ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க.” அவர் ‘போங்க’ என்ற சொல்லில் தடுக்கி, “எங்க போறேன்?” என்று கேட்க வாயெடுத்தார். கறுத்தது.

அன்றைய செய்திக்குப் பதில் இல்லை.

இருபத்துநான்காம் தேதி அழைப்பு வரவில்லை. ‘வேலை அதிகம்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். இருபத்தைந்தும் அப்படியே. இரவில் போனில் ஐந்து நிமிடம் பேசுவது உண்டு. அவள் தங்கும் அறையில் அவளோடு மூன்று பேர் படுப்பார்கள், ‘சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா’ என்பதற்கு மேல் அங்கே எதுவும் நகராது. இருபத்தைந்தாம் தேதி மூன்று மணியிலிருந்து மூன்று நாற்பது வரை அவர் இடது திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை உள்ள வெற்றிடம் அவ்வளவு அகலம் என்று அன்றுதான் கண்டார். இரண்டு சரக்கு வண்டிகள் அதன் குறுக்கே யாரும் ஏறாமல் போய்க்கொண்டிருந்தன.

அக்கா காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். “என்னடா, வேலை இல்லையா? சும்மா உட்கார்ந்திருக்கே?”

விஷயத்தைச் சொன்னார். மூன்று தடவை நின்ற நேரத்தையும் சொன்னார்.

“அட மண்டூகமே! போன்ல பேச வேண்டியதுதானே? கையில போன் இல்லையா?”

“போன்ல பேசினா பேசணும்க்கா.”

அக்கா ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். துணியைக் கட்டிலில் வைத்தாள். “இதுல?”

“இதுல அவ இருப்பா.”

அதற்குமேல் அவள் கிண்டல் செய்யவில்லை. “எந்திரி. அந்த மிஷினை எடு. கடை ஏழு மணிவரைக்கும் திறந்திருக்கும். நான் வரேன், உன்னைத் தனியா அனுப்பினா அங்கேயும் குழாயைப் பார்க்கப் போயிடுவே.”

கடை, மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் ஒரு கதவு அகலத்தில் இருந்தது. பழுது பார்க்கிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு யாருடைய மடிக்கணினியையோ குடலை உருவிப் போட்டிருந்தாள். கோடு சார் நீல உறையோடு மேசைமேல் வைத்தார். அவள் பொத்தானைப் பார்த்தாள், கம்பித் துளைகளைப் பார்த்தாள், துளைகளின் ஓரத் தையலைப் பார்த்தாள்.

“இதுக்கு யார் சார் ஸ்வெட்டர் போட்டது?”

அக்கா, “அவன் பொண்டாட்டி தைச்சது” என்றாள்.

“வெளிய எடுத்துட்டுப் போகும்போது போடறதுக்குத்தானே தைச்சிருப்பாங்க? நீங்க ஓடும்போதும் போட்டிருக்கீங்களா?” உறையை உருவினாள். “எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம்.”

“ரெண்டு வருஷமா! இது செத்துப் போகாம இருந்ததே இதோட நல்ல மனசு.” அடிமூடியைக் கழற்றினாள். காற்றாடியின் இறகுகளுக்கு இடையே நீல நூல்பிசிறு கம்பளி மாதிரி படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தாள். ஒரே துண்டாக வந்தது. “மூடி வைக்கிறீங்களா, திறந்து வைக்கிறீங்களா?”

“மூடி. புக் வைக்கிற அறையில, நிமிர்த்தி.”

“அப்போ சூடு எங்க சார் போகும்? கீழ இருந்து காத்தை எடுக்கும், பின்னால கீல் பக்கமா விடும், விசைப்பலகை வழியாவும் கொஞ்சம் வெளிய வரும். நீங்க மூணையும் அடைச்சு, மேல போர்வை போத்தியிருக்கீங்க. திரை எத்தனை?”

“ரெண்டு. ஒண்ணு புதுசு.”

“ரெண்டும் ஒரே வேகமா?”

அது அவருக்குத் தெரியவில்லை. கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டியது என்று அவர் முகம் சிறுத்தது. அவள் விளக்கினாள்: பழைய திரை நொடிக்கு அறுபது தடவை படத்தைப் புதுப்பிக்கும், புதியது எழுபத்தைந்து. இரண்டும் ஒத்துப்போகாததால் உள்ளே படம் வரைகிற சில்லுக்கு ஓய்வே கிடையாது. அதோடு மூன்று மணி வெயில், அதோடு வீடியோ.

“வீடியோ ஓடினா எவ்வளவு நேரத்துல நிக்குது?”

“மூணு மணிக்கு ஆரம்பிச்சா மூணு இருபத்தாறு. மூணு இருபத்தெட்டு. மூணு இருபத்து நாலு.”

அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். “உங்களை மாதிரி நாலு கஸ்டமர் இருந்தா நான் இந்த வேலையைப் பாதி நேரத்துல முடிச்சிடுவேன் சார்.”

மறுநாள் மாலை திரும்ப வாங்கினார். தூசு எடுத்தாயிற்று, சில்லின் மேல் காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவியாயிற்று. நிற்கிறபோது தொண்ணூற்றேழு டிகிரி இருந்தது இனி எழுபதைத் தாண்டாது என்றாள். இரண்டு திரைகளையும் அறுபதில் வைக்க வேண்டும். பின்பக்கம் ஒரு விரல் உயரம் தூக்கி வைக்க வேண்டும். “முக்கியமா, மூடியைத் திறந்து வைங்க. மேசைமேல.”

“மேசைமேல இடம் இல்லையே.”

“அப்போ இடம் பண்ணுங்க.”

அன்று மாலை முழுவதும் இடம் பண்ணினார். இரண்டு திரைகளும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. அவற்றைப் பிரித்து ஆளுக்கு ஒரு ஓரமாக நகர்த்தினார். நடுவில் மடிக்கணினி, பின்னால் இரண்டு மரக்கட்டைகள் முட்டுக்கொடுத்து, வாயைத் திறந்து உட்கார்ந்தது. நண்பகலுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் முப்பத்தாறு சென்டிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது. நண்பகல் வண்டிகள் ஒரு திரையில் புறப்பட்டு, பள்ளம் தாண்டி, இன்னொரு திரையில் வந்து சேர்ந்தன. பார்க்கவே கண் உறுத்தியது. நடுவில் இருந்த சின்னத் திரையில் என்ன போடுவது என்று தெரியவில்லை. வெறுமனே விட்டுவைத்தார். உறையை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார்.

அன்று இரவு, ‘நாளைக்கு மூணு மணிக்கு ஒரே ஒரு தடவை வா. மிஷின் சரி பண்ணியாச்சு’ என்று எழுதினார். இவ்வளவு நீளமாக அவர் எழுதியதே இல்லை.

இருபத்தேழாம் தேதி மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு அழைப்பு வந்தது. குட்டைக் கம்பிக் கேமராவை மறுபடி மாட்டவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மடிக்கணினியின் நெற்றியிலேயே ஒரு கேமரா இருந்தது. இரண்டு வருடமாக மூடிக்குள் இருட்டில் கிடந்தது. அது விழித்துக்கொண்டது. அவள் நடுத்திரையில், அவருக்கு நேர் எதிரே வந்தாள்.

டப்பாவைத் திறக்கப் போனவள் கையை எடுத்துவிட்டாள். போனைக் கிட்டே இழுத்து அவரையே பார்த்தாள்.

“என்ன?” என்றார்.

“முன்னால இவ்வளவு முடி போயிடுச்சா?”

“போன வருஷமே போச்சு.”

“சொல்லவே இல்ல.”

“நீ கேட்கல.”

“காதுகிட்ட கேட்டா அது எப்படிச் சொல்லும்?” சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. “இந்தப் பக்கம் கன்னமும் ஒட்டிப்போச்சு. கம்பி எப்படி எட்டிச்சு?”

“கம்பி இல்ல. மூடியைத் திறந்துட்டேன். மூடி வச்சா சூடாகுதாம். அதான் நின்னுபோச்சு, மூணு தடவையும்.” கொஞ்சம் தயங்கினார். “உறைக்குள்ள வேற வச்சிருந்தேன்.”

“எந்த உறை?”

இழுப்பறையைத் திறந்து எடுத்துக் காட்டினார். கம்பித் துளைகளைச் சுற்றி அவர் போட்ட தையலை அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். “ஐயையோ. அது நீங்க ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறப்போ போடறதுக்குங்க. யாராவது ஓடற மிஷினுக்கு...” அங்கே நின்றாள். அவள் கண்கள் மட்டும் மாறின. “அப்போ நீங்க கட் பண்ணலையா?”

“எதை?”

“மூணு தடவையும். நான் கேட்டதும்.”

“நானா?”

“குழாய் பார்க்கப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்” என்றாள். “இப்போ எழுந்துகூடப் போக வேண்டியதில்ல, ஒரு பொத்தானை அழுத்தினா போதும்னு கத்துக்கிட்டீங்கன்னு நினைச்சேன். மிஷின் நின்னுபோச்சுன்னு எழுதினப்போ சிரிப்புதான் வந்தது. மூணாவது தடவை சிரிப்பு வரல.”

அவள் பார்வை அவர் முகத்திலிருந்து அகலவில்லை.

“இருபத்துநாலாம் தேதி காலையில கொடுத்துட்டேங்க. கையெழுத்துப் போட்டு. திரும்ப வாங்க முடியாது, கேட்டுப் பார்த்தேன். எனக்குப் பதிலா வர இருந்த பொண்ணை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க.”

“எந்தக் கட்டம்?”

“ஒரு வருஷம்.”

காற்றாடி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. கூர்ந்து கேட்டால்தான் கேட்கும். குளியலறைப் பக்கம் சத்தமே இல்லை. மணி மூன்று இருபத்தொன்பது.

“குழாய் பார்க்கப் போறீங்களா?” என்றாள்.

“இல்ல. உட்கார்ந்திருக்கேன்.”

“அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க?”

“எந்த அன்னைக்கு?”

“ஏதாவது ஒரு அன்னைக்கு.”

“பதினோராம் தேதி, மூணு இருபத்தாறுக்கு” என்றார். “போடாதே, வந்துடுன்னு சொல்ல வந்தேன்.”

அவள் ஊழியர் அறைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து மறுபடி மூடினாள். “ரெண்டு சொல்லு” என்றாள். “இருபத்துநாலு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். நான் கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா பெட்டியைத் தூக்கி மேல வச்சிருப்பேன்.”

“தப்புதான்.”

“தப்பு இல்ல. லேட்டு.”

“தாள்ல போட்டுட்டா லேட் ஆகாது” என்றார் அவர், தன்னை அறியாமல். “ஒரு வருஷம்னு போட்டாச்சு. அது நிற்பு. லேட் இல்ல.”

“உங்க ஆபீஸ் சட்டத்தை என்கிட்ட கொண்டுவராதீங்க” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினாள். “நான் ஜன்னல்ல தலையை நீட்டுற ஆளு. ஏன் நிக்குது, ஏன் நிக்குதுன்னு தினம் கேட்பேன். நீங்க பதில் சொல்லணும். நேராப் பார்த்துச் சொல்லணும்.”

“சொல்றேன்.”

“மூடியை மூடக் கூடாது.”

“மூடினா சூடாகும்” என்றார்.

அதன்பிறகு அவள் டப்பாவைத் திறந்து அவசர அவசரமாக நாலு வாய் சாப்பிட்டாள். அவர் கோடு இழுக்கவில்லை. அவள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய வலது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு புதிதாக இருந்தது. எங்கே இடித்துக்கொண்டாள் என்று நாளைக்குக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். திரையின் மூலையில் வெப்ப அளவு அறுபத்தெட்டு என்று காட்டியது. மூன்று முப்பத்தொன்பதாயிற்று.

“போகணும்” என்றாள். பணி நேரத்தில் போனை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது அங்கே விதி. அவள் போனைக் கையில் எடுத்தாள். விரல் சிவப்புப் பொத்தானின் பக்கம் வந்ததும் தயங்கியது. பிறகு அழுத்தாமல் அப்படியே எழுந்தாள். கூரை விளக்குகள் ஆடின, ஒரு இரும்புக் கதவு வந்தது, மடித்த துணி ஒன்று வந்தது. கதவு மூடும் சத்தம், சாவி திரும்பும் சத்தம். திரை கறுத்தது.

கோடு சாரின் நெஞ்சு ஒரு கணம் திடுக்கிட்டது. பிறகு மூலையைப் பார்த்தார். அறுபத்தெட்டு. அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது, நிமிடம் ஏறிக்கொண்டிருந்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனபோது, அலமாரி இருட்டுக்குள், அவளுடைய துணிகளுக்கு நடுவிலிருந்து, தூரத்தில் அவள் செருப்புச் சத்தம் நடைக்கூடத்தில் போவது கேட்டது. யாரையோ பார்த்து, “வந்துட்டேன், வந்துட்டேன்” என்றாள்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இடது பக்கம் காலை, வலது பக்கம் மாலை, நடுவில் கறுப்புத் திரை. நண்பகல் வண்டி ஒன்றைப் பிடித்து இடதிலிருந்து வலதுக்குக் கொண்டுபோனார். பள்ளத்தைத் தாண்டும்போது அந்த இருட்டின் மேல் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். நான்கு ஐம்பத்திரண்டுக்கு அவள் போனில் சார்ஜ் தீர்ந்தது. அதுவரை யாரும் கட் பண்ணவில்லை.